டேங்க் கழுவிய தேதி

மே 21, புதன்

வேனை விக்கறதுன்னு முடிவாயிருச்சு. முடிவு பண்ணினது நானில்ல, எம்பொண்ணு தாரணி. ஓசூர்ல உக்காந்துட்டே போன்ல போட்டோ போட்டு விளம்பரம் குடுத்துட்டா. "அப்பா போனதுக்கப்பறம் அது வாசல்ல நின்னா உனக்கு நல்லதில்லம்மா"ங்கறா. அவ நம்பர்தான் விளம்பரத்துல இருக்குது. திருப்பூர்ல இருந்து இளங்குமரன்னு ஒரு தம்பி கூப்பிட்டாராம். சம்சாரம், மூணு வயசுல ஒரு பொண்ணு. ஜூன் மொத வாரம் வர்றேன்னு சொல்லியிருக்காரு.

அதுக்குள்ள சுத்தம் பண்ணோணும். கூட்டறது, தொடைக்கறது எல்லாம் ஒரு நாள் வேலை. உள்ளயே படுத்து, சமைச்சு, குளிச்சு ஊர் சுத்தற வேன் அது. பின்கட்டிலுக்கு அடியில இருக்கற தண்ணி டேங்க்தான் பெரிய வேலை. நூறு லிட்டர் புடிக்கும்.

இந்த நோட்டு எங்க வீட்டுக்காரரோடது. வேனுக்குன்னே வெச்சிருந்தாரு. டீசல் போட்ட தேதி, ஆயில் மாத்திய தேதி, டேங்க் கழுவிய தேதின்னு கோடு போட்டுக் கட்டம் கட்டமா. நாச்சிமுத்துன்னா அப்படித்தான். முப்பத்தஞ்சு வருசம் மோட்டார் பம்பு கம்பெனியில ஃபோர்மேனா இருந்த மனுசன். வீட்டுல புளி டப்பாவுக்கும் தேதி ஒட்டுவாரு. நான் கடைசிப் பக்கத்துல இருந்து எழுதறேன். முன்பக்கம் திருப்பற மாதிரி இல்ல.

எதுக்கு எழுதறேன்னு கேட்டா, வீட்டுல பேச ஆளில்ல. அவ்வளவுதான்.

மே 22, வியாழன்

மொதக் கழுவு.

சமையல் அலமாரிக் கதவுக்குள்ள அவரே எழுதி ஒட்டின பேப்பர் இருக்குது. எட்டு வரி. பழைய தண்ணியப் பூராத் தொறந்து விடு. வடிகட்டியக் கழட்டி வை. ஹீட்டர் வால்வை மூடு. ப்ளீச்சைப் பக்கெட் தண்ணியில கலக்கி டேங்க்ல ஊத்து, மீதிக்கு நல்ல தண்ணி ரொப்பு. ஒவ்வொரு குழாயாத் தொற, ப்ளீச் வாசம் வந்ததும் மூடு. பன்னண்டு மணி நேரம் விடு. ஏழாவது வரி மட்டும் செவப்பு மையில: ப்ளீச்சும் வினிகரும் ஒண்ணாச் சேரக்கூடாது, விசப் புகை வரும், நடுவுல மூணு தடவை அலசணும். பொறவு வினிகர், பொறவு ஆப்பசோடா, பொறவு நல்ல தண்ணி. நான் எப்பவும் சத்தமாப் படிச்சுட்டுத்தான் செய்வேன், இல்லீன்னா கை முந்திரும்.

அடைப்பானைத் தொறந்தேன். ஏப்ரல்ல ஊத்தின தண்ணி. சந்து மண்ணுல ஓடுச்சு. ஒரு வாடை. பூசாடியில ஒரு மாசம் மாத்தாம வெச்ச தண்ணி மாதிரி. எதிர் வீட்டுக்காரம்மா கோலம் போட வந்தவ மூக்கைச் சுளிச்சா. "என்னங்க்கா இது?"ன்னா. "வேனுங், பழசு"ன்னேன்.

சாயங்காலம் தாரணி பேசினா. அவ குரலே மாறிப் போச்சு. மூக்கு மேல மாஸ்க்கு போட்டுட்டே பேசறா, வீட்டுக்குள்ள! பாப்பாவைக் கிருஷ்ணகிரியில மாமியார் வீட்டுக்கு அனுப்பிச்சுட்டாளாம். ரெண்டு வயசுப் புள்ள.

"ஏன் கண்ணு?"

"எனக்கு மறுபடியும் சளி புடிச்சா? அப்பாவுக்கு ஒட்டவிட்ட மாதிரி அவளுக்கும் ஒட்டிருச்சுன்னா?"

ஏப்ரல் இருபத்தி நாலு நாங்க ஓசூர் போனப்ப அவளுக்கு சளி. அவரைக் கட்டிப் புடிச்சு, ஒரே தட்டுல மாம்பழம் தின்னு, ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. நாலு நாள் கழிச்சு மைசூர்ல அவருக்குக் காய்ச்சல். மே ஒன்பது ஆஸ்பத்திரியில போயிட்டாரு. நிமோனியா. கிட்னி மாத்தின ஆளுக்கு ஒரு தும்மல் போதும்னு அவளா முடிவு பண்ணிட்டா.

"அப்படியெல்லாம் சொல்லாத சாமி"ன்னேன். வேற எதுவும் சொல்லலை.

மே 24, சனி

மூணு மணிக்குப் பம்பு ஓடுச்சு.

நான் வாசல்ல துணி காயப் போட்டுட்டு இருந்தேன். வேன் கதவு பூட்டி இருந்துச்சு. உள்ள 'உர்ர்ர்'ன்னு ரெண்டு செகண்டு. நின்னுருச்சு. பகல் மூணு மணி அவரு குளிக்கற நேரம். வெயில்ல வண்டி ஓட்டிட்டு, மரத்தடியில நிறுத்திட்டு, ஷவர் கூண்டுக்குள்ள போயிருவாரு. ஒரே கனைப்பு, ஒரே முனகல் பாட்டு.

யாராவது குழாயைத் தொறந்தாத்தான் அந்தப் பம்பு ஓடும். கதவைத் தொறந்து எல்லாக் குழாயும் பாத்தேன். மூடித்தான் இருக்குது. எங்கியோ துளி கசிஞ்சாலும் ஓடும்னு அவர் சொல்லியிருக்காரு. ஒவ்வொரு இணைப்பா விரல் வெச்சுத் தடவினேன். எல்லாம் காஞ்சு கெடக்குது.

கூண்டுக்குள்ள அவர் சோப்பு இருந்துச்சு. ஈரமா, நொசநொசன்னு.

மே 25, ஞாயிறு

இன்னைக்கும் மூணு மணி. "ஏனுங், வெளிய வாங்க, காப்பி ஆறுது"ன்னு வாய் தானாச் சொல்லிருச்சு. அப்பறம் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு உக்காந்துட்டேன்.

மே 27, செவ்வாய்

ரெண்டாவது கழுவு.

தண்ணியத் தொறந்து விட்டு, டேங்க் மேல் மூடியக் கழட்டி, கையை உள்ள விட்டேன். தோள் வரைக்கும் போகுது. அடி மூலையில வழவழன்னு ஒண்ணு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியுது. பால் பாட்டில் பிரஷ்ஷைத் தொடப்பக் குச்சியில கட்டித் தேச்சேன். எந்திரிச்சா இடுப்பு கழண்டு போச்சு. அறுபத்தி மூணு வயசுல இது தேவையா எனக்கு?

நான் எப்பவுமே அந்தக் கூண்டுக்குள்ள குளிச்சதில்ல. என் உடம்புக்கு அதுக்குள்ள திரும்பவே முடியாது. பெட்ரோல் பங்க், கோயில் குளியலறைன்னு எங்கியாச்சும் பக்கெட்டுல ஊத்திக்குவேன். அவருக்கு அது கூடாது. நாலு வருசத்துக்கு முந்தி என்ர கிட்னியத்தான் அவருக்கு வெச்சாங்க. அது உள்ள நிக்கோணும்னா உடம்போட எதிர்ப்பு சக்தியை மாத்திரை போட்டுக் கொறைக்கோணும். லாட்ஜ் பாத்ரூம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், அழுக்குத் தண்ணி தொட வேண்டாம்னு டாக்டர் சொன்னாரு. ஊர் சுத்தாம இருந்தா செத்துப் போயிருவேன்னாரு இவரு. அதான் பழைய டிராவலர் வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, ஷவர்னு எல்லாம் உள்ளயே வெச்சாரு. நம்ம தண்ணி, நம்ம குளியல்னு.

அவருக்கு அழுக்குத் தண்ணி ஆகாதுன்னு டேங்க் கழுவற வேலை என்னோடது. வண்டி ஓட்டறது அவரு. கழுவறது நானு.

ராத்திரிக்குள்ள தொவைச்சுப் போட்ட புடவையிலயும் அந்த வாடை அடிக்கற மாதிரியே இருக்குது. திரும்பத் தொவைச்சேன்.

மே 28, புதன்

எழுத ஒண்ணுமில்ல. ரசம் வெச்சேன். கொட்டிட்டேன்.

மே 30, வெள்ளி

மாப்பிள்ளை கோகுல் கூப்பிட்டாரு. அவரு என்கிட்டத் தனியாப் பேசவே மாட்டாரு, கூச்சம். இன்னைக்கு அவரே கூப்பிட்டாரு.

"அத்தை, நீங்க ஒருக்கா வந்துட்டுப் போங்க. தாரணி தூங்கறதே இல்லீங்க. பாப்பாவைப் பாக்கக் கிருஷ்ணகிரி கூட்டிட்டுப் போனேன். புள்ள ஓடி வருது, இவ கையைப் பின்னாடி கட்டிட்டு நிக்கறா. தொடவே மாட்டேங்கறா அத்தை. டாக்டரைப் பாக்கலாம்னா, 'எனக்கு மருந்து குடுத்தா எங்கப்பா வருவாரா'ன்னு கேக்கறா. நீங்க சொன்னாக் கேப்பா."

"சொல்றேனுங் மாப்பிள்ளை"ன்னேன்.

போனை வெச்சுட்டு பீரோவைத் தொறந்தேன். பட்டுப் புடவைக்கு அடியில ஆஸ்பத்திரிக் கவர் இருக்குது. தொட்டுப் பாத்துட்டு மூடிட்டேன். அட கெரகமே, ஒரு காகிதத்துக்கு இவ்வளவு கனமா!

மே பதினாறு நான் தனியாப் போய் வாங்கிட்டு வந்த ரிப்போர்ட்டு அது. அவரு போயி ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு, பொறுமையாச் சொன்னா. வாயில நுழையாத பேரு உள்ள ஒரு கிருமியாம். ரொம்ப நாள் தேங்கின, வெதுவெதுப்பான தண்ணியில வளருமாம். குடிச்சு வர்றதில்லையாம். ஷவர்ல சாரல் அடிக்குதில்ல, அது மூச்சோட நெஞ்சுக்குள்ள போயிருமாம். மனுசங்ககிட்ட இருந்து மனுசங்களுக்கு ஒட்டாதாம். அதை ரெண்டு தடவை சொன்னா.

"எங்காச்சும் பழைய தண்ணித் தொட்டி, ஷவர் இருந்துச்சாம்மா?"ன்னு கேட்டா.

"எங்க வேன்ல எல்லாம் கழுவித்தானுங் ரொப்பினோம்"னேன்.

"அப்ப வழியில எங்கியாச்சும் இருக்கும்"னு எழுதிக்கிட்டா.

ஜூன் 1, ஞாயிறு

நோட்டோட முன்பக்கம் திருப்பினேன்.

டேங்க் கழுவிய தேதி. கட்டத்துல வரிசையா அவர் கேக்க நான் எழுதினது. ஜனவரி 11. பிப்ரவரி 28. கடைசியில ஏப்ரல் 20. என்ர கையெழுத்து. நல்லாக் குண்டு குண்டா, அழகா எழுதியிருக்கேன்.

ஏப்ரல் 20 நான் கழுவலை.

எழுதிட்டேன். இனி ஒளிச்சு என்ன ஆகப் போகுது, முழுசா எழுதறேன். மார்ச்சுல வால்பாறை போயிட்டு வந்தப்ப டேங்க்ல அறுபது லிட்டர் மிச்சம். ஏழு வாரம் வேன் வெயில்ல நின்னுச்சு. ஏப்ரல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா விட்டாங்க. அதுவும் சிறுவாணித் தண்ணி. கோயமுத்தூர்க்காரிகிட்ட சிறுவாணியைச் சாக்கடையில கொட்டுன்னு சொன்னா கொட்டுவாளா? சிறுவாணி வருசக்கணக்கா வெச்சாலும் கெடாதுன்னு சின்ன வயசுல இருந்து பேசிப் பேசியே வளந்தவ நானு. சொந்தக்காரங்க மெட்ராஸ்ல இருந்து வந்தா கேன்ல புடிச்சுக் குடுத்தனுப்பறவ. அதுல ப்ளீச்சை ஊத்தி, ருசியக் கெடுத்து, அப்பறம் அதையும் கொட்டி, மறுபடி அலச மூணு டேங்க் நல்ல தண்ணி. தெருவுல பொம்பளைங்க குடத்தோட நிக்கறாங்க. எனக்கு மனசு வரலை. மிச்சத்து மேலயே நாப்பது லிட்டர் ஊத்தி ரொப்பிட்டேன்.

குடிக்கறதைக் காய்ச்சித்தானே குடுக்கறோம், குளிக்கற தண்ணியில என்ன வந்துரப் போகுதுன்னு நெனச்சேன். தண்ணியை மூச்சு விடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?

அவரு நோட்டோட வந்தாரு. "சுலோ, டேங்க் கழுவிட்டியா?"

"ஆச்சுங்"ன்னேன். தேதி போட்டேன். அவரு பாத்து, பேனாவால ஒரு டிக் போட்டாரு. மறுநாள் ஷவர்ல நின்னு, "தண்ணி என்னமோ ஒரு மாதிரி வாசம் வருதே"ன்னாரு. "உங்க மூக்குல ப்ளீச்சைத் தவிர வேற வாசமே ஏறாது"ன்னு கிண்டல் பண்ணினேன். சிரிச்சாரு. வழி பூரா தெனமும் மூணு மணிக்குக் குளிச்சாரு.

கிட்னியக் குடுத்ததும் நான்தான். அவரைக் கொன்னதும் நான்தான். இது தாரணிக்குத் தெரியோணும். எப்படிச் சொல்றது? அவளுக்கு அப்பான்னா உசிரு. எனக்கு இனி அவ ஒருத்திதான். அவளும் போயிட்டா நான் யாருக்குச் சோறாக்கறது?

பம்பு இன்னைக்கும் ஓடுச்சு.

ஜூன் 3, செவ்வாய்

நேத்து எழுதலை. ஆஸ்பத்திரியில இருந்தேன்.

மூணாவது கழுவுக்குப் போனேன். காலையில பதினொரு மணி. டேங்க்ல ப்ளீச் இருந்துச்சு. வாடை போகலியேன்னு வினிகர் ரெண்டு பாட்டிலையும் அதுலயே ஊத்திட்டேன். மறந்துட்டேன். வேன் கதவையும் ஜன்னலையும் சாத்தியிருந்தேன், கொசு. கண்ணு, தொண்டை, நெஞ்செல்லாம் நெருப்பாயிருச்சு. அதுக்கு மேல ஞாபகமில்ல.

திருப்பூர் தம்பி இளங்குமரன் சாயங்காலம் வர்றதா இருந்துச்சு. வேற வேலையா கோயமுத்தூர் வந்தவரு காலையிலயே வந்துட்டாரு. இருமல் சத்தம் கேட்டுக் கதவைத் தொறந்து என்னை இழுத்துப் போட்டிருக்காரு. விளம்பரத்து நம்பருக்குக் கூப்பிட்டுத் தாரணிகிட்டயும் சொல்லிட்டாரு. ஒரு நாள் ஆக்சிஜன் வெச்சுட்டு இன்னைக்கு அனுப்பிச்சாங்க.

"என்னங்ம்மா, தெரியாமக் கலந்துட்டீங்களா?"ன்னாரு அந்தத் தம்பி, ஆட்டோவுல கொண்டு வந்து விடறப்ப.

"ஆமாங் தம்பி, வயசாயிருச்சு"ன்னேன்.

வேற ஒண்ணுமில்ல. மறந்துதான் போச்சு.

ஜூன் 4, புதன்

தாரணி மத்தியானம் வந்தா.

பஸ்ஸுல வந்திருக்கா, மாஸ்க்கு மேல மாஸ்க்கு. அரை ஆளா இருக்கா. கேட்டுக்கிட்டயே நின்னுட்டா. "உள்ள வா கண்ணு"ங்கறேன், "உனக்கு இப்பத்தான் நெஞ்சுல புகை போயிருக்குது, நான் கிட்ட வந்தா ஒட்டிக்கும்"ங்கறா. சளியும் இல்ல, தும்மலும் இல்ல. வேனுக்குள்ள ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வந்து, கார் நிறுத்தற எடத்துல பிளாஸ்டிக் சேரைப் போட்டு ஆறடி தள்ளி உக்காந்தா. பெத்தவளும் புள்ளையும் கோர்ட்டுல நிக்கற மாதிரி.

"அம்மா, அப்பா ஒட்டின பேப்பரை இப்பத்தான் வேனுக்குள்ள பாத்தேன். செவப்புல எழுதியிருக்காரு. நீ அதைச் சத்தமாப் படிச்சுட்டுத்தான் கழுவுவேன்னு அப்பா கேலி பண்ணுவாரு. மூணு தடவை கழுவினவளுக்கு அந்த வரி மட்டும் எப்படிம்மா மறந்துச்சு?"

நான் தலையைக் குனிஞ்சுட்டேன்.

"நான் அப்பாவைக் கொன்னேன். இப்ப நீயும் இப்படிப் பண்ணினா நான் என்னம்மா பண்ணுவேன்?"ன்னு ஓன்னு அழுதா. ஆறடி தள்ளி அழறா, தொடக் கூடாதாம்.

எந்திரிச்சு உள்ள போனேன். பீரோவைத் தொறந்தேன். கவரைக் கொண்டாந்து அவ மடியில போட்டேன்.

"படி."

படிச்சா. அவளுக்கு இங்கிலீஷு நல்லா வரும். ரெண்டாவது பக்கத்துல நிறுத்தினா. திரும்ப மொதல்ல இருந்து படிச்சா.

"அப்ப நானில்லியாம்மா?"

"இல்ல கண்ணு."

"என் சளி இல்லியா?"

"அது ஒட்டாதாம். டாக்டரே சொன்னாங்க. தண்ணிதான்."

"நானில்லியா?"ன்னு மறுபடி கேட்டா. மாஸ்க்கைப் பிச்சு எறிஞ்சா. சிரிக்கறாளா அழறாளான்னு தெரியலை, மூச்சு முட்ட முட்ட ஒரு சத்தம். நான் எந்திரிச்சுக் கிட்டப் போனேன். கட்டிப் புடிச்சுக்கிட்டா. ஒரு மாசமாச் சோறு தண்ணி இல்லாத உடம்பு, எலும்பு குத்துச்சு. அந்த ஒரு நிமிசத்துக்காக நான் எதை வேணாத் தாங்கிக்குவேன்னு நெனச்சேன்.

அப்பறம் அவ கேட்டா: "எந்தத் தண்ணிம்மா?"

சொன்னேன். சிறுவாணி, அறுபது லிட்டர், ஏழு வாரம், நோட்டுல போட்ட தேதி, அவரு போட்ட டிக்கு, ஷவர்ல வாசம் வருதேன்னு கேட்டது, நான் கிண்டல் பண்ணினது. ஒண்ணு விடாமச் சொன்னேன். அவ கை என் முதுகுல இருந்து மெதுவா எறங்கிருச்சு.

கோவப்படுவான்னு நெனச்சேன். கத்துவா, அடிப்பான்னுகூட நெனச்சேன். அவ ரிப்போர்ட்டைத் திருப்பி மேல இருக்கற தேதியப் பாத்தா. விரல் விட்டு எண்ணினா.

"மே பதினாறு. இன்னைக்கு ஜூன் நாலு. பத்தொம்பது நாள்" அப்படின்னா. "அப்பா விசயம் தெரியாமப் பண்ணினது. அதை விடு. இந்தப் பத்தொம்பது நாளு, உனக்கு எல்லாந் தெரியும். தெனமும் போன்ல அழறேன், நீ கேட்டுட்டே இருந்தே. எம்புள்ள 'ம்மா'ன்னு ஓடி வருது, நான் கையைப் பின்னாடி கட்டிட்டு நின்னேன்மா."



அவ பழைய ரூம்புக்குள்ள போய்ப் படுத்துட்டா. சாப்பிடக் கூப்பிட்டேன், தூங்கிட்டு இருந்தா. ரொம்ப நாள் கழிச்சுத் தூங்கறாளாட்ட இருக்குது, வாயைத் தொறந்துட்டு. எழுப்பலை.

ஜூன் 5, வியாழன்

காலையிலயே கெளம்பிட்டா. பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போறேன்னா. என்னைப் பாக்காமத்தான் சொன்னா.

"இட்லி ஊத்தட்டுமா?"

"வேண்டாம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போ சாமி. வெயிலு."

செம்புல கொண்டாந்து நீட்டினேன். இன்னைக்குக் காலையில புடிச்சது, காய்ச்சி, ஆத்தி, வடிகட்டினது. அவ செம்பைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"வேண்டாம்மா"ன்னா.

கேட்டுக்கிட்ட நின்னு பாத்தேன். முக்குக் கடையில நின்னு ஒரு தண்ணி பாட்டில் வாங்கினா. மூடியத் திருகி அங்கியே நின்னு முழுசாக் குடிச்சா.

ஜூன் 8, ஞாயிறு

இளங்குமரன் தம்பி குடும்பத்தோட வந்தாரு. அவரு காப்பாத்தின பொம்பளை நானு, கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சம்சாரம் வேனுக்குள்ள சுத்திச் சுத்திப் பாத்துச்சு. அந்தக் குட்டிப் பொண்ணு நேரா ஷவர் கூண்டுக்குள்ள ஓடி, குழாயைப் புடிச்சுட்டு, "எனக்கு, எனக்கு"ன்னு குதிச்சுச்சு.

"எறங்கு கண்ணு, எறங்கு"ன்னு கத்திட்டேன். புள்ள பயந்து அழுதுருச்சு.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு இந்தத் தண்ணியிலதான் போனாரு. நான் டேங்க் கழுவாம, கழுவினேன்னு சொல்லிட்டேன். அதுல வந்த கிருமி. இப்ப மூணு தடவை கழுவிட்டேன், ஆனா என் கழுவலை நம்பி உங்க புள்ளையக் குளிக்க வெக்காதீங்க. டேங்க், குழாய், ஷவர், ஹீட்டர் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டு, புதுசு போட்டு, தண்ணியப் பரிசோதனைக்குக் குடுத்துத்தான் தருவேன். வேண்டாம்னாலும் சரிதான்."

அந்தத் தம்பி மூஞ்சி வெளிறிப் போச்சு. சம்சாரம் புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுட்டு வெளிய போய் நின்னுருச்சு. "யோசிச்சுச் சொல்றேனுங்ம்மா"ன்னாரு. கேட்டைத் தாண்டினதும் திரும்பி வந்து, "உடம்பப் பாத்துக்குங்க"ன்னுட்டுப் போனாரு. நல்ல மனுசன். வாங்க மாட்டாரு.

ஜூன் 10, செவ்வாய்

பிளம்பரை வரச் சொல்லி டேங்க்கைக் கழட்டினேன். பம்பு தானா ஓடுதுன்னேன். கழட்டிப் பாத்தவரு, "ஷவர் குழாய்க்குள்ள வால்வு ரப்பர் தேஞ்சு கெடக்குதுங்ம்மா, அழுத்தம் நிக்கலை. தண்ணி ஷவர் வழியாத் துளித்துளியாப் போயிட்டு இருந்திருக்கும்"னாரு. மூணு மணிக்கு மட்டும் ஏன்னு கேட்டேன். அந்நேரம் வெயில் ஏறி இருக்கும், சூடுதான்னாரு. இருக்கலாம்.

எதிர் வீட்டுக்காரம்மா, "டேங்க் நல்லாத்தானே இருக்குது, எங்களுக்குத் தண்ணி புடிச்சு வெக்கக் குடுங்க்கா"ன்னா. குடுக்கலை. பிளம்பர்கிட்ட ரம்பத்தை வாங்கி நானே ரெண்டா அறுத்தேன். கொஞ்சமாத்தான் அறுக்க முடிஞ்சுது, மிச்சத்தை அவரு அறுத்தாரு.

தாரணி அஞ்சு நாளாக் கூப்பிடலை. நானும் கூப்பிடலை. எந்த மூஞ்சியோட கூப்பிடறது?

ஜூன் 11, புதன்

காலையில மாப்பிள்ளை கூப்பிட்டாரு.

"அத்தை, ரொம்ப நன்றிங்க. தாரணி பாப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டா. ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல தூங்கறாங்க. மாஸ்க்கு எல்லாம் எடுத்துட்டா. சோறு நல்லாச் சாப்பிடறா."

எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுச்சு. "சந்தோசமுங் மாப்பிள்ளை"ன்னேன்.

"என்ன சொல்லி அவளைத் தேத்துனீங்கன்னு கேட்டேன். சொல்லவே மாட்டேங்கறா அத்தை. ரிப்போர்ட்டு வந்துச்சு, வழியில எங்கியோ குளிச்ச தண்ணியில வந்த கிருமியாம், அவ்வளவுதான்கறா. எந்த ஊர்ல குளிச்சாருன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிர்றா. அந்த லாட்ஜோ கோயிலோ, எதுன்னு தெரிஞ்சா ஒரு புகாராவது குடுக்கலாமில்லீங்களா? இன்னொருத்தர் சாகக் கூடாதில்லீங்களா?"

எம்பொண்ணு என்னைக் காட்டிக் குடுக்கலை. என் வீட்டுத் தண்ணியத் தொடாதவ, என்ர பேரைக் காப்பாத்திட்டு இருக்கா. நான் பத்தொம்பது நாள் சுமக்க வெச்ச மாதிரி, இப்ப இதையும் தூக்கிச் சுமக்கறா. நான் "சரிங்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

"அவகிட்டக் கேக்காதீங்க மாப்பிள்ளை, நான் சொல்றேன்"னேன். "லாட்ஜும் இல்ல, கோயிலும் இல்ல. எங்க வேன் தண்ணி. நான்தான் டேங்க் கழுவலை. கழுவினேன்னு உங்க மாமாகிட்டப் பொய் சொன்னேன். ரிப்போர்ட்டு மே பதினாறே என் கைக்கு வந்துச்சு. தாரணி கஷ்டப்படறது தெரிஞ்சும் ஒளிச்சு வெச்சேன்."

அவகிட்டச் சொன்னதைவிட இது கஷ்டமா இருந்துச்சு. அவ எம்பொண்ணு. இவரு வெளிய இருந்து வந்தவரு, நாளைக்கு என்னை வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு சொல்ல உரிமை இருக்கற ஆளு.

அந்தப் பக்கம் பாப்பா எங்கியோ எந்திரிச்சு அழுதுச்சு, தாரணி "இதோ வந்துட்டேன் தங்கம்"கறது கேட்டுச்சு. மாப்பிள்ளை பேசலை. லைன் கட்டாயிருச்சான்னு போனைக் காதுல இருந்து எடுத்துப் பாத்தேன்.

கட்டாகலை. நானும் வெக்கலை.